ஒரு வாய்க்கு ஒரு பார்வை

பரண்மேல் ஏறியதும் பொன்னழகு சோளத்தைப் பார்ப்பதில்லை. காவல் என்னவோ சோளத்துக்குத்தான். ஆனால் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஓடைக்கு அப்பால் விரிந்து கிடக்கும் மேய்ச்சல் புறம்போக்கைப் பார்க்கிறாள். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் அங்கே வெளிமான்கள் மேய்கின்றன. ஒரு மான் குனிந்து ஒரு வாய் புல்லைக் கடிக்கிறது. சட்டென்று நிமிர்ந்து நாலு பக்கமும் பார்க்கிறது. மறுபடி ஒரு வாய், மறுபடி ஒரு பார்வை. “அப்பிடித்தேன். ஒரு வாய்க்கு ஒரு பார்வை. மறந்தியோ, தொலைஞ்ச!” என்று பொன்னழகு இருந்த இடத்திலிருந்தே அதற்குப் பாடம் நடத்துகிறாள். அதன் பிறகுதான் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை உருவி வெற்றிலையை எடுக்கிறாள்.

தொப்பம்பட்டிக்கு வடக்கே, தார்ச்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் கிளுவம்பாளையத்துக்கு அவள்தான் காட்டுக் காவல். மழையை நம்பி விதைக்கிற நிலத்தை அந்தப் பக்கத்தில் காடு என்றுதான் சொல்வார்கள். மரம் தேடிப் போனால் ஏமாந்துதான் வரவேண்டும். அந்தக் காடுகளின் நடுவே, நாலு கால் நட்டு, மேலே சோளத்தட்டை பரப்பி, பொன்னழகின் ராஜாங்கம் நிற்கிறது.

வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஆள் குட்டை. சேலைக்கு மேல் கணவனின் பழைய காக்கிச் சட்டையைப் போட்டிருப்பாள். அதன் இரண்டு பைகளிலும் கவண் கற்கள். அவள் வருவதைக் கண்ணால் காண்பதற்கு முன் அந்தக் கற்கள் உரசும் சத்தத்தைக் காதால் கேட்டுவிடலாம். குரல் ஆளைவிடப் பெரிது. அவள் பரணில் நின்று “ஏலேய்!” என்று ஒரு சத்தம் கொடுத்தால் பக்கத்து ஊரில் கமலை இறைக்கிறவன் மாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பானாம். கொஞ்சம் மிகைதான், ரொம்ப மிகை என்று சொல்வதற்கில்லை.

காவல் முதலில் அவள் கணவர் சடையாண்டியுடையதாக இருந்தது. நல்ல மனிதர். ஆனால் உயரத்தில் உட்கார்ந்தால் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். ஒரு நாள் தூக்கத்தோடு தூக்கமாகப் பரணிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். கட்டுப் பிரிக்கும் வரைக்கும் என்று சொல்லிப் பொன்னழகு ஏறினாள். கட்டுப் பிரித்த பிறகும் இறங்கவில்லை. பொம்பளை காவலா என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். அப்படி முணுமுணுத்த ஒருவரின் தலைப்பாகையை ஒரு கவண் கல் தட்டிவிட்டுப் போயிற்று. கிளிக்கு வைத்த குறி என்று அவள் சொல்லிவிட்டாள். கிளிக்கு வைத்த குறி அவ்வளவு சரியாகத் தலைப்பாகையை மட்டும் எடுக்குமா என்று யாரும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

இப்போது சமையல் சடையாண்டியின் பொறுப்பு. உச்சி வெயிலில் தூக்குவாளியோடு நொண்டி நொண்டி அவர் வரப்பில் தென்பட்டதும் பரணிலிருந்து கேள்வி இறங்கும்: “ஏங்க, வெஞ்சனம் என்னாங்க?” அந்த ஊர்ப் பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்கள். தொட்டுக்கொள்ளும் கறிக்கு அங்கே அந்தப் பெயர் கிடையாது. பொன்னழகு பிறந்தது சித்தையன்கோட்டையில், நெல்லும் தண்ணீருமாக இருக்கிற சீமையில். வாக்கப்பட்டது இந்தப் புழுதிக் காட்டில். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஊர் அவளைச் “சித்தையங்கோட்டைக்காரி” என்றுதான் குறிப்பிடுகிறது.

அதனால் அவளுக்கு இரண்டு பேச்சு உண்டு. காரியம் ஆகவேண்டும் என்றால் “ஏனுங்க, பாருங்க, செரிங்க” என்று இந்த ஊர்க்காரியாகக் குழைவாள். கோபம் வந்தாலோ சந்தோஷம் வந்தாலோ “ங்க” எல்லாம் உதிர்ந்துபோய், “அம்புட்டும் எனக்குத் தெரியும்லே” என்று பிறந்த ஊர் வந்து நிற்கும். அவள் எந்தப் பேச்சில் தொடங்குகிறாள் என்று கவனித்துவிட்டுத்தான் ஊரார் அருகில் போவதா தள்ளி நிற்பதா என்று முடிவு செய்கிறார்கள். மான்களிடம் எப்போதும் சித்தையன்கோட்டைப் பேச்சுதான்.

சில வருஷங்களுக்கு முன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறிலோ ஏழிலோ, அவளுக்கு வந்த கோபம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். மாட்டுக் கொட்டத்தருகே கட்டியிருந்த அவளுடைய வெள்ளாட்டுக் குட்டியை ஓநாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பாலுக்கு அழுகிற பிள்ளை மாதிரி அவள் கையிலேயே வளர்ந்த குட்டி. பொன்னழகு அழுதாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடை ஓரமாகவே தடம் பார்த்துப் போனாள். கிளுவை வேலிக்கு அடியில், கரை சரிந்த இடத்தில், வளை இருந்தது. அவள்தான் ஊரைக் கூட்டிக்கொண்டு வந்து கையை நீட்டிக் காட்டினாள். வைக்கோலையும் மிளகாய் வற்றலையும் திணித்துப் புகை போட்டார்கள். வெளியே வந்ததைத் தடியால் அடித்தார்கள், குட்டிகள் உட்பட. செத்தவற்றைப் புளியமரத்தில் தொங்கவிட்டார்கள். அடித்துக் களைத்தவர்களுக்கெல்லாம் பொன்னழகு பானகம் கரைத்துக் கொடுத்தாள். “ஒழிஞ்சானுக எமனுக!” என்று அவள் சொன்னது அந்த ஊரில் பலருக்கு நினைவிருக்கிறது. அவளுக்கும் நினைவிருக்கிறது.

மறு வருஷம் புறம்போக்கில் மான்குட்டிகள் துள்ளின. ஊரே மகிழ்ந்தது. எல்லா மானுக்கும் பின்னால் ஒரு குட்டி; பிழைக்காது என்று நினைத்த நோஞ்சான் குட்டிகூடப் பிழைத்து நின்றது. லட்சுமி வந்து இறங்கிவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்தும் பழனியிலிருந்தும் விருந்தாளிகள் வந்தால், சோறு போட்டுவிட்டு மான் பார்க்க அழைத்துப் போவார்கள். நிலக்காரர் முத்துச்சாமி, ஊரில் அவர் சொல்லுக்கு மறு சொல் கிடையாது, தம் சம்பந்தி வீட்டாரை வண்டி கட்டிக்கொண்டுவந்து காட்டினார்.

அதற்கடுத்த வருஷம் மான்கள் சோளத்துக்குள் வந்தன. வந்ததுகூடப் பெரிதில்லை, மான் என்றைக்கும் வரும், ஒரு கடி கடிக்கும், ஓடும். இவை ஓடவில்லை. தலையைக் குனிந்த வாக்கில் வரிசையாகத் தின்றுகொண்டே போயின. வயிறு நிறைந்ததும் பயிருக்கு நடுவிலேயே காலை மடக்கிப் படுத்து அசை போட்டன. பொன்னழகு தகரம் தட்டினாள். காதை மட்டும் ஆட்டின. கவண் வீசினாள், கல் விழுந்த இடத்தைவிட்டு நாலடி தள்ளிப் படுத்துக்கொண்டன. அந்தக் கூட்டத்தில் ஒரு பெரிய கறுப்புக் கலைமான், திருகுக் கொம்போடு. அவள் அதற்கு மைனர் என்று பெயர் வைத்திருந்தாள். மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அது அவள் பரணுக்கு அடியிலேயே வந்து நிழலுக்குப் படுத்தது. அன்று பொன்னழகு பரணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அந்த வருஷம் களத்தில் சேர்ந்தது தட்டை மட்டும்தான். அடுத்த வருஷம் அதுவும் இல்லை. காவல் சரியில்லை என்று ஊர் பேசியது. பேசத்தானே செய்யும். ஆனால் மான்களுக்கும் அந்தச் செழிப்பு நிலைக்கவில்லை. புறம்போக்கில் புல்லின் வேர் வரைக்கும் கரண்டித் தின்றுவிட்டதால் கோடையில் தரை செம்மண்ணாகத் தெரிந்தது. விலா எலும்பு துருத்திக்கொண்டு, ரோமம் உதிர்ந்து, சொறி பிடித்த மான்கள் தள்ளாடித் திரிந்தன. தண்ணீர் தேடிக் கிணற்றில் விழுந்து செத்தன. செத்த நாற்றத்துக்குக் கழுகுகள் ஊரை விட்டுப் போகவே மாட்டேனென்றன. மைனரும் ஒரு நாள் கொம்போடு கிடந்தது. அதன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பொன்னழகு சடையாண்டியிடம் சொன்னாள்: “ஏங்க, நிமிந்து பாக்க மறந்த சென்மம் இப்பிடித்தேன் கெடக்கும் போலருக்கு. நிமித்தி வச்சுக்கிட்டிருந்தவன நாமதேன கொன்னோம்?”

சடையாண்டி மண்வெட்டி எடுத்துவந்து அதற்குக் குழி தோண்டினார்.

போன வருஷம் ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் அவள் பரண் ஏறினாள். வழக்கம்போல் புறம்போக்கில் மான்கள். ஆனால் ஏதோ ஒன்று மாறியிருந்தது. எது என்று பிடிபடச் சிறிது நேரம் ஆயிற்று. எல்லாத் தலைகளும் நிமிர்ந்திருந்தன. ஒரு கடி, ஒரு பார்வை. கூட்டமும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. மேய்ந்துகொண்டே நகர்ந்து, ஓடையைச் சுற்றி ஒதுங்கி, மேட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பொன்னழகுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எந்த ஊரிலிருந்து, எந்த வழியாக வந்தானோ தெரியாது, வந்துவிட்டான். பரணைவிட்டு இறங்கி ஓடைக்கு ஓடினாள். ஈர மணலில் ஓநாய்த் தடம் இருந்தது. ஒன்றல்ல, ஒரு ஜோடி.

அவளுக்குக் கூத்தாட வேண்டும்போல் இருந்தது. ஆனால் யாரிடம் சொல்வது? கிளுவம்பாளையத்தில் பாதி வீடு செம்மறி ஆட்டை நம்பியிருக்கிறது. ஓநாய் என்ற பேச்சு எழுந்தால் மறுநாளே வைக்கோலும் மிளகாயும் கிளம்பிவிடும். ஆவாரங்குச்சியை ஒடித்துத் தடத்தையெல்லாம் கூட்டிப் பெருக்கிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த ஊர்வரை கேட்கிற குரலை வைத்துக்கொண்டு ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய பாடு என்று அவளைக் கேட்டால் தெரியும். பேச்சு வந்துவிடுமோ என்ற பயத்தில் வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டே திரிந்தாள். தண்ணீர்க் கிணற்றில் யாராவது “என்னங்கக்கா, பேச்சையே காணோம்?” என்றால் “ம்ம்” என்று தலையாட்டுவாள். தினமும் விடியலில் தடம் பெருக்கினாள். ஒருமுறை ஆடு மேய்க்கிறவர்கள் தடத்தைப் பார்த்துவிட்டபோது, “நாய்த்தடமுங்க. எங்க நாயிதானுங்க” என்றாள். அவள் வீட்டில் நாய் கிடையாது. அன்றைக்கே சடையாண்டி எங்கிருந்தோ ஒரு சொறிநாயைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். அவரிடம் அவள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. “உனக்கு ஒரு நாய் வேண்டியிருக்குமில்ல?” என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டார்.

கார்த்திகையில் குட்டு உடைந்தது. நல்லுசாமியின் பட்டியிலிருந்து ஒரு சினை ஆடு போயிற்று. நல்லுசாமி அந்த ஊரிலேயே பெரிய மந்தைக்காரர். சடையாண்டிக்குத் தம்பி முறை. கோபித்துக்கொண்டாலும் மரியாதை குறையாத மனிதர். மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. முத்துச்சாமி நடுவில் உட்கார்ந்தார்.

“ஏனுங்கண்ணி, ஓநாய் வந்தது உங்களுக்கு முன்னமே தெரியுமுங்களா?” என்று நல்லுசாமி கேட்டார்.

பொன்னழகு வெற்றிலையைத் துப்பினாள். “தெரியுமுங்க.”

“தெரிஞ்சுமா மறைச்சீங்க?”

“மறைச்சேனுங்க. முன்னால காட்டிக் குடுத்தவளும் நாந்தானுங்க. அதுக்கப்புறம் நாம சோளச் சோறு தின்னமா சொல்லுங்க.”

கூட்டத்தில் சலசலப்பு. முத்துச்சாமி கையை உயர்த்தினார். “ஏ அம்மிணி, சுத்தி வளைக்காம பேசு.”

“பேசறனுங்க. காவக்காரனுக்குக் களத்துல பங்கு உண்டுங்களா, இல்லீங்களா?”

“உண்டு.”

“எனக்கு நீங்க அளக்கறீங்க. நான் மொறத்தை நீட்டி வாங்கிக்கறேன். என்னைவிடப் பெரிய காவக்காரன் ஒருத்தன் ஓடையில படுத்துக் கெடக்கறான். அவன் வந்த நாள்லயிருந்து மானு தலையக் கவுத்துப்போட்டு மேயுதுங்களா? சோளத்துல ஒரு தட்ட சாஞ்சிருக்குதுங்களா? அவனுக்குக் களத்துக்கு வந்து மொறத்த நீட்டத் தெரியலீங்க. அவனே எடுத்துக்கிட்டான்.”

சிலர் சிரித்துவிட்டார்கள். நல்லுசாமி சிரிக்கவில்லை.

“அவம் பங்கு என்ற பட்டியில மட்டுந்தானுங்களா அண்ணி? சோளம் ஊருக்கு, ஆடு எனக்கு. இது என்னுங்க நாயம்?”

நியாயமான கேள்விதான். பொன்னழகின் பேச்சிலிருந்து “ங்க” கழன்று விழுந்தது. கூட்டத்தில் முன்வரிசை கொஞ்சம் பின்னால் நகர்ந்தது.

“கொழுந்தனாரே, போன கோடைக்கு உம்ம ஆடு எதைத் தின்னுச்சு? பொறம்போக்குல புல்லு இருந்துச்சா? அம்புட்டையும் மானு கரண்டிருச்சு. கருவேலங் காயப் பொறுக்கிப் போட்டும் உம்ம ஆடு எத்தனை மடிஞ்சுச்சு, நெஞ்சத் தொட்டுச் சொல்லும். ஓநாய் தின்னது ஒண்ணு. மானு பட்டினி போட்டுக் கொன்னது எம்புட்டு? இந்த மழைக்குப் பொறம்போக்கப் போயிப் பாத்தீரா? புல்லு முழங்காலுக்கு நிக்குது. மானு ஒரு எடத்துல நிக்காம ஓடுறதுனாலதேன் நிக்குது. ஒம்ம ஆடு இப்ப அதத்தேன் திங்குது!”

நல்லுசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். புல் நிற்பது உண்மை, அவருக்கும் தெரியும். போன ஆடும் உண்மை.

கடைசியில் முத்துச்சாமி ஒரு வழி சொன்னார். தை அறுப்புவரைக்கும் பார்ப்பது. அதற்குள் இன்னொரு ஆடு போனாலோ, மான் சோளத்தில் இறங்கினாலோ, ஓநாயைச் சுட ஆள் வரும். பொன்னழகு காவலை விட்டு இறங்கிவிடவேண்டும். நல்லுசாமி ஒப்புக்கொண்டார். பொன்னழகும் ஒப்புக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் எதைப் பந்தயம் வைத்துவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. பரணை விட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? அந்த உயரத்தில்தான் அவள் சித்தையன்கோட்டைக்காரியாகவும் இல்லாமல் சடையாண்டி பெண்டாட்டியாகவும் இல்லாமல், வெறும் பொன்னழகாக இருந்தாள்.

மறுநாளே அவளும் கணவரும் அரிவாளோடு கிளம்பி உடைமுள் வெட்டினார்கள். நல்லுசாமியின் பட்டியைச் சுற்றி ஏற்கனவே இருந்த வேலிக்கு வெளியே இன்னொரு வேலி, நெஞ்சு உயரத்துக்கு, பன்றிகூட மூக்கை நுழைக்க முடியாதபடி அடைத்தார்கள். நல்லுசாமி தூரத்தில் நின்று பார்த்தார். மூன்றாம் நாள் ஒன்றும் பேசாமல் தாமும் ஒரு கவட்டைக் கம்பை எடுத்துக்கொண்டு வந்து முள்ளைத் தள்ளிக் கொடுத்தார். இருந்தாலும், எதற்கும் இருக்கட்டும் என்று, பஸ் கண்டக்டர் மூலமாகத் திண்டுக்கல்லுக்குச் சொல்லியனுப்பிவிட்டார்.

தை பிறந்ததும் ராயப்பராஜ் வந்து இறங்கினார். திண்டுக்கல்லில் பேகம்பூருக்குப் பக்கத்தில் வீடு. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர். வெயிலில் பூட்ஸ் பளபளக்க, தோளில் துப்பாக்கியோடு அவர் ஊருக்குள் நடந்து வந்ததைப் பொன்னழகு பார்த்தாள். அவள் வீட்டு வாசலில் நின்று அவர் தண்ணீர் கேட்டார்.

“செத்த நேரம் நிழலுக்கு உக்காந்துக்கிறேன் தங்கச்சி. வெயிலு இம்புட்டு அடிக்குது. சாப்பாட்டுக்கு வெஞ்சனம் ஏதும் இருந்தா, ஒரு வாய் போடுறியா?”

பொன்னழகு செம்பைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து வேறொருவர் வாயில் அந்தச் சொல்லை அவள் கேட்டதில்லை. அதைச் சொன்னவர் அவளுடைய ஓநாய்களைச் சுட வந்தவர். சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல், கத்தரிக்காயை வட்டில் நிறைய அள்ளி வைத்தாள். அவர் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு சாப்பிட்டார். சடையாண்டியின் கைப்பக்குவத்தை வாயாரப் புகழ்ந்தார். அன்றிலிருந்து மூன்று வேளையும் அங்கேதான் சாப்பாடு. “ஊர் சொன்னாத்தேன் சுடுவேன் தங்கச்சி. சொல்லாமச் சுடுறது வேட்டை இல்ல, களவு” என்றார். சொன்னால் சுட்டுவிடுவார் என்பதும் அதிலேயே இருந்தது.

அறுப்புக்கு முந்தின நாள். புறம்போக்கில் புல் காய்ந்து, சோளக்கதிர் முற்றி மணத்துக்கொண்டிருந்தது. பொன்னழகு பரணில் ஏறியபோது மான்கூட்டம் ஓடையின் அந்தக் கரையில் வந்து நின்றது. அது மேய வந்த நிற்பாக இல்லை. முதல் மான் கரையில் இறங்கியது. பின்னாலேயே மற்றவை. நேராகச் சோளத்தை நோக்கி.

தகரத்தை எடுக்கக் கை போனது. அப்போதுதான் பார்த்தாள்: சோளக்காட்டு வரப்பை ஒட்டிய பள்ளத்தில், காய்ந்த கோரைக்கு நடுவே, இரண்டு காதுகள். ஓடையின் மேல்பக்கத்தில் இன்னொரு ஓநாய் மண்ணோடு மண்ணாகப் பதுங்கிப் பதுங்கி மான்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. இப்போது அவள் கத்தினால் மானும் ஓடும், ஓநாயும் ஓடும். கொஞ்ச நேரத்தில் மான் திரும்பி வரும். அவளுக்கு மான் பயப்படாது என்பது ஊர் அறிந்த விஷயம்.

வரப்பின் கோடியில் நல்லுசாமியும் ராயப்பராஜும் நின்றிருந்தார்கள். பள்ளத்தில் கிடந்த ஓநாய் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. ராயப்பராஜ் துப்பாக்கியைத் தோளில் பொருத்திக்கொண்டு நல்லுசாமியின் முகத்தைப் பார்த்தார். மான் சோளத்தில் கால் வைத்தால், ஊர் சொன்னபடி, ஒரு தலையசைப்பு போதும். வேண்டாம் என்று பரணிலிருந்து ஒரு வார்த்தை கத்தத் துடித்தது பொன்னழகின் தொண்டை. பரண்மேல் ஒருநாளும் அடக்காத அந்தக் குரலை அவள் சேலைத் தலைப்பை வாயில் திணித்து அடக்கினாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

முதல் மானின் முகம் வரப்புக்கு மேல் நீண்டது.

பின்னால் வந்த ஓநாய் எழுந்து ஓடியது. மான்கள் விருட்டென்று திரும்பின. வானத்தில் எறிந்தமாதிரி எகிறி எகிறிப் பாய்ந்தன. சோளத்துக்குள் போக இருந்த கூட்டம் அப்படியே வளைந்து பள்ளத்தின் ஓரமாக மேட்டுக்குத் திரும்பியது. பள்ளத்துக் கோரை விரிந்தது. கிடந்தவன் எழுந்து, எதிரே பாய்ந்த கொழுத்த மான்களையெல்லாம் விட்டுவிட்டு, பின்னங்காலை இழுத்துக்கொண்டு கடைசியில் வந்த கிழட்டுப் பிணைமானைப் பிடித்தான். புழுதி. இரண்டும் சேர்ந்து அதைச் சாய்த்தன. மற்ற மான்கள் மேட்டைத் தாண்டி, அதற்கடுத்த மேட்டையும் தாண்டி, புள்ளியாகி மறைந்தன. சோளத்தில் ஒரு கதிர்கூட ஒடிந்திருக்கவில்லை.

நல்லுசாமி தம் கையைத் துப்பாக்கிக் குழல்மேல் வைத்து மெல்லக் கீழே அழுத்தினார். “உடுங்க மிலிட்டரி. அது வேலையப் பாக்குது.”

அப்போதுதான் பொன்னழகு வாயிலிருந்த துணியைப் பிடுங்கி எறிந்தாள். “ஏலேய்ய்ய்!” என்று அவள் போட்ட சத்தத்தில் ஊருக்குள் இருந்தவர்கள் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். பரண்மேல் நின்று அவள் குதித்த குதியில் பரணின் ஒரு கால் சாய்ந்தது. சடையாண்டி கீழே நின்று அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். “பாத்தீகளாலே! ஏங் காவக்காரனைப் பாத்தீகளா!” என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். யாருக்கும் பதில் சொல்ல இடம் கிடைக்கவில்லை.

அந்தத் தையில் கிளுவம்பாளையத்துக் களம் நிறைந்த மாதிரி வெகுநாளாக நிறைந்ததில்லை. முத்துச்சாமி தம் கையாலேயே காவல் பங்கை அளந்தார். தலை தட்டாமல், கும்பம் வைத்து அளந்தார். பொன்னழகு முறத்தை நீட்டியபோது சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. “பொம்பளை காவல்னு சொன்ன ஆளு எங்கனுங்க?” என்று கூட்டத்தில் தேடினாள். அந்த ஆள் தலைப்பாகையை மெதுவாகக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு முன்னே வந்தார். களம் முழுக்கச் சிரித்தது.

இன்றைக்கும் மான்கள் இருக்கின்றன. முன்னளவுக்கு இல்லை; இருப்பவை எண்ணெய் தேய்த்துவிட்டதுபோல் மினுமினுக்கின்றன. இரண்டு வேலி போட்ட பட்டியில் நல்லுசாமி நிம்மதியாகத் தூங்குகிறார். எப்போதாவது ஒரு குட்டி போகத்தான் செய்கிறது. போனால் பரணடியில் வந்து நின்று, “அண்ணி, உங்க ஆளு பங்கெடுத்துக்கிட்டானுங்க” என்று முறையிடுகிறார். அவள் தன் பங்கிலிருந்து ஒரு முறம் கொடுத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாங்கிக்கொள்கிறார்.

ராயப்பராஜ் திண்டுக்கல் திரும்பிய அன்று, தார்ச்சாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, பொன்னழகு தலைச்சுமையாக ஒரு கட்டு சோளக்கதிர் கொண்டு வந்தாள். தட்டையோடு அறுத்தது, வீட்டம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும். “இம்புட்டு நீளத்தை எப்பிடித் தங்கச்சி பஸ்ஸுல கொண்டுபோறது? நடுவுல ஒடிஞ்சுருமே” என்றார் அவர். பொன்னழகு யோசித்தாள். அவர் தோளிலிருந்த துப்பாக்கியைத் தயவாக வாங்கினாள். கட்டை அவிழ்த்து, நட்ட நடுவில், ஒடியாமல் தாங்குவதற்கு, துப்பாக்கியைப் படுக்கவைத்து, சுற்றிலும் தட்டையை அடுக்கினாள். வெளியே ஒரு விரற்கடை இரும்புகூடத் தெரியவில்லை. கற்றாழை நாரால் ஒரு முடிச்சுப் போட்டாள். பஸ் வந்து, கண்டக்டர் கட்டைத் தூக்கிக் கூரைக்கு வீசக் கையெடுத்தபோது, “செத்த இருங்க, லேசுல அவுரக் கூடாதுங்க” என்று அதைப் பிடித்து நிறுத்தி, இன்னொரு நாரை எடுத்து இரண்டாவது முடிச்சுப் போட்டு, அதன் நுனியைப் பல்லால் கடித்து இறுக்கினாள்.